சாந்தா கசில்டாவின் கைவிடு பத்திரம்

லா கொருன்யா,
மூவரசர் திருநாளுக்கு மறுநாள், 1527

அருமை மகள் மென்சியாவுக்கு, சித்தப்பா லெஸ்மெஸ் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்கும். கொருன்யாவில் மழை விடுவதில்லை, அதனால் அதுவும் விடுவதில்லை. உன் இருமல் எப்படி? பூர்கோஸ் வீட்டில் வடக்குச் சன்னலைத் திறக்காதே என்று எத்தனை தடவை எழுதுவது?

நல்ல சேதி. நம் கப்பல் சாந்தா கசில்டா கிராம்புத் தீவுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. யார் சொன்னது என்பாய். யாரும் சொல்லவில்லை. காற்றைக் கூட்டி, நீரோட்டத்தைக் கூட்டி, மாலுமிகளின் சோம்பேறித்தனத்தைக் கழித்து நானே கணக்குப் போட்டேன். அரசவையில் பூகோளம் படித்த இரண்டு பேர் வாயைப் பிளந்தார்கள். "வில்லிமார் ஐயா, இதெல்லாம் எங்க படிச்சீங்க?" என்றார் ஒருவர். "சலமான்கா பல்கலைக்கழகத்துல இல்ல, சந்தையில" என்றேன். மூன்று நாளாகத் துறைமுகத்தில் இதுதான் பேச்சு.

உன் புருஷன் இனிகோ இப்போது எப்படி இருப்பான் என்று நினைக்கிறாய்? கப்பலுக்கு முக்கால் பங்கு பணம் போட்டவனின் வீட்டு மாப்பிள்ளை, சரக்குக்குப் பொறுப்பாளன். அந்தத் தீவு ராஜா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சாப்பிடுவான். தட்டில் சோற்றைவிடக் கிராம்புதான் அதிகமாக இருக்கும். திரும்பி வரும்போது அவன் தும்மினால் ஊரே மணக்கும், பார்த்துக்கொள்.

உடனே பதில் எழுது. கோவேறு கழுதைக்காரர்கள் தாமதித்தால் சந்தியாகோவுக்கு வரும் யாத்ரீகர் யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

உன் சித்தப்பா,
லெஸ்மெஸ் டி வில்லிமார்


பூர்கோஸ்,
1527 பிப்ரவரி 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு, மென்சியா வணங்கி எழுதுவது. இருமல் போய்விட்டது. வடக்குச் சன்னலை ஆணியடித்து மூடிவிட்டேன். முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தடவும்படி உங்கள் சமையற்காரி தொமிங்காவிடம் சொல்லுங்கள்.

கப்பல் கிளம்பி ஒன்றரை வருடம் முடிந்துவிட்டது. கனாரித் தீவுகளுக்கு அருகே பார்த்ததாக ஒரு மீன்காரன் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை.

லெர்மா ஊர் தோரிபியோவை உங்களுக்குத் தெரியும். மந்தைக்காரர், மனைவியை இழந்தவர், இரண்டு பெண் குழந்தைகள். என்னைக் கேட்டிருக்கிறார். நான் மறுக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் மிக்கேல் சம்மனசு திருநாள் கழிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே போக வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அவருடைய தாயாரும் இறந்துவிட்டார். அதற்குள் முடிவு தெரிய வேண்டும் என்கிறார்.

ஆயர் மன்றத்துக்குப் போனேன். பாதிரியார் கேட்டார்: "நீ மனைவியா, கைம்பெண்ணா மகளே?"

"அதத்தான் சாமி உங்ககிட்ட கேக்க வந்தேன்."

"செத்ததப் பார்த்த ஆள் ஒருத்தர் வேணும். இல்லேன்னா கப்பலுக்குப் பணம் போட்டவர் கைவிடு பத்திரம் எழுதணும். ரெண்டும் இல்லேன்னா உன் புருஷன் கடல்ல இருக்கான். அவ்வளவுதான்."

ஒன்றரை வருடம் சேதி இல்லாத கப்பலை முதலாளி கைவிட்டுக் கையெழுத்துப் போட்டால் அது மூழ்கியதாக எடுத்துக்கொள்வார்களாம். காப்பீடு செய்தவர்களிடமிருந்து உங்களுக்கு ஈட்டுப்பணமும் வருமாம். இதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள், சித்தப்பா.

இப்படிக்கு,
மென்சியா


லா கொருன்யா,
சூசையப்பர் திருநாள், 1527

அருமை மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நான் சுகம். கொழுப்புத் தடவினேன். தெருநாய்கள் இரண்டு நாள் என்னோடேயே வந்தன.

நீ கேட்டபடி பத்திர எழுத்தர் பெலாயோவிடம் போனேன். எழுத அல்ல, விசாரிக்க. கல்யாண ஓலை வந்ததுபோல அந்த ஆளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க. இன்னிக்காவது கைவிடுறீங்களா?"

"எத? வேணும்னா என் கைய வெட்டிக்க."

"ஐயா, கையெழுத்துப் போட்டா உங்களுக்குத்தான் பணம். போடாம நஷ்டப்படுற முதல் ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"வில்லிமாரோட கப்பல் மூழ்காதுய்யா."

"கப்பலுக்கு அது தெரியுமா?"

கடை முழுக்கச் சிரித்தார்கள். நான் ஒரு பார்வை பார்த்தேன். இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்தார்கள். சரி, ஒருவன். கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்தவன் என்றும் சொல்லலாம்.

கப்பல் ஏன் தாமதம் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். சரக்கோடு நானூறு பூர்கோஸ் கம்பளி அனுப்பினேன் அல்லவா? அந்தப் பூகோளக்காரர் அன்றைக்கே சிரித்தார். "அங்க வெயில் மண்டையப் பொளக்கும், கம்பளிய யாரு வாங்குவா?" என்றார். "ராத்திரின்னு ஒண்ணு அங்க வராதா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன். இனிகோ ஒவ்வொரு கம்பளியாகப் பேரம் பேசி விற்றுக்கொண்டிருப்பான். நானூறும் விற்க நாளாகாதா?

தோரிபியோ நல்லவன்தான். ஆனால் அவன் வருவதற்கு முன்னால் அவன் ஆட்டு வாசனை வரும். அவசரப்படாதே.

உன் சித்தப்பா,
லெஸ்மெஸ்


பூர்கோஸ்,
மாற்கு திருநாள், 1527

சித்தப்பாவுக்கு, மென்சியா. நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

கம்பளியைப் பற்றி நான் கேட்கவில்லை. ராஜாவைப் பற்றியும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். உங்கள் பெயர்கொண்ட லெஸ்மெஸ் புனிதர் கோவிலில் எல்லாப் பெண்களும் தரையில் பதித்த தங்கள் வீட்டுக் கல்லறைப் பலகை மேல் மண்டியிட்டு, இறந்தவர்களுக்காக ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வைக்கிறார்கள். நானும் இனிகோ வீட்டுப் பலகையில் அவருக்காக ஒரு ரொட்டி வைத்தேன். பூசை முடிந்து ரொட்டிகளைச் சேகரித்து வந்த கோவில் பணியாளர் என்னுடையதை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார். "உசிரோட இருக்கிறவனுக்கு ரொட்டி வைக்கக் கூடாதும்மா. வீட்டுக்குக் கொண்டுபோய் அவனுக்கே குடு."

பக்கத்துப் பலகைப் பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நானே சாப்பிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்?

உயிரோடு இருந்தால் இருக்கிறார் என்று யாராவது சொல்லட்டும். இல்லையென்றால் எனக்கு ரொட்டி வைக்க அனுமதி வாங்கிக் கொடுங்கள். தோரிபியோ அப்புறம். முதலில் இது.

மென்சியா


லா கொருன்யா,
மே மாதக் கடைசி, 1527

அருமை மகளுக்கு, ஆசீர்வாதம். நான் சுகம். தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. உனக்கு ஒரு கூடை காய்ந்த ஆக்டோபஸும், நல்ல பிளாண்டர்ஸ் துணி ஐந்து முழமும் அனுப்புகிறேன். துணி கறுப்பு நிறம். கடையில் வேறு நிறம் இல்லை.

இங்கே ஒரு விசேஷம். நம் கப்பலோடு போன இன்னொரு கப்பல் பாதி வழியில் திரும்பி, தெற்கே வேறொரு துறைக்கு வந்துவிட்டது. ஒச்சோவா என்று ஒரு பாஸ்குக்காரன், அதில் வந்தவன், வீட்டுக்கு வந்தான். நாலு ஆள் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டான். தென்கோடியில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மனிதர்கள், பறக்காத பறவைகள் என்று ஏதேதோ சொன்னான். நம் கப்பலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றுமே தெரியாது. மறுநாளே பிளாண்டர்ஸ் போகும் கப்பலில் ஏறிவிட்டான். நல்ல பையன்.

ஏனோ ஞாபகம் வந்தது, கேட்கிறேன். சின்ன வயதில் நாய் கடித்து இனிகோவுக்குக் காது நுனி போனதே, அது இடது காதா, வலது காதா? நினைவிருந்தால் ஒரு வரி எழுது. அவசரமில்லை.

சித்தப்பா


பூர்கோஸ்,
அருளப்பர் திருநாள், 1527

சித்தப்பா, யாத்ரீகர் ஒருவர் வாசலில் காத்திருக்கிறார். இடது காது. ஏன் கேட்டீர்கள்?

மென்சியா


லா கொருன்யா,
மாதா விண்ணேற்புத் திருநாள், 1527

அருமை மகள் மென்சியாவுக்கு, சித்தப்பா எழுதுவது. உன் உடம்பு எப்படி? இங்கே இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். அதனால்தான் தாமதம். வேறொன்றும் இல்லை.

காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பெரிய விஷயமில்லை. இனிகோ திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள வெல்வெட் தொப்பி தைக்கச் சொல்லியிருக்கிறேன். தையற்காரன் அளவு கேட்டான், அதற்காக.

காய்ச்சலில் கிடந்தபோது ஊரே வந்து பார்த்தது. நகரசபைத் தலைவர், துறைமுக அதிகாரி, இரண்டு கன்னியாஸ்திரீகள். இடமில்லாமல் படிக்கட்டில் நின்றார்கள். தொமிங்கா ஊருக்குப் போய்விட்டாள். சம்பளத் தகராறு அல்ல. அவளுக்கு என் பேச்சு சலித்துவிட்டதாம். "நீங்க சொல்ற ராஜாவுக்கும் சேத்து என்னால சமைக்க முடியாது" என்றாள். நல்ல சிரிப்பு, போ. இப்போது நானே சூப் வைத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் புதிதாக ஒரு கப்பல் விடலாம் என்று யோசிக்கிறேன், இதைவிடப் பெரியது.

உன்னிடமிருந்து ஒரு வரிக்கு மேல் வந்து நாலு மாதம் ஆகிறது. பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படிக்கிறேன். நீண்ட கடிதமாக எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

உன் சித்தப்பா,
லெஸ்மெஸ்


பூர்கோஸ்,
1527 செப்டம்பர் 1

சித்தப்பாவுக்கு, மென்சியா வணங்கி எழுதுவது. காய்ச்சல் விட்டதா? சூப்பில் பூண்டு தட்டிப் போடுங்கள்.

காது நுனியை அளந்து தொப்பி தைக்கும் தையற்காரனைப் பூர்கோஸில் யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் விசாரித்தேன். சிரித்தார்கள்.

ஒச்சோவா என்ன சொன்னார்?

தோரிபியோ நேற்று வந்தார். உட்காரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். "மிக்கேல் திருநாளுக்குள்ள தெரியணும். தெரியலேன்னா லெர்மாவுலயே ஒருத்திய பாத்திருக்காங்க. கோவிச்சுக்காத. புள்ளைங்களுக்குத் தல வாரத் தெரியாம நான் கிடந்து அல்லாடுறேன். ஆட்டுக்குச் சீவுற மாதிரி சீவுறேன்னு பெரியவ அழறா" என்றார். அந்த மனிதருக்கு அலங்காரமாகப் பேசத் தெரியாது. சொன்னது அத்தனையும் உண்மை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனிகோ போவதற்கு முன் நீங்கள் எனக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள், கிறிஸ்துமஸுக்கு. அவர் போன பிறகு வந்தவற்றை எண்ணினேன். பதினேழு. இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

இனி நான் கேட்கமாட்டேன்.

மென்சியா


லா கொருன்யா,
திருச்சிலுவைத் திருநாள், 1527

மென்சியா,

பத்திரம் இதோடு இருக்கிறது. ஆயர் மன்றத்தில் கொடு. குதிரைக்காரன் ஒருவனை அமர்த்தியிருக்கிறேன். ஒன்பது நாளில் வருவான். வராவிட்டால் அவனுக்குக் கூலி இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஒச்சோவா சொன்னதை எழுதுகிறேன். தென்கோடி நீர்வழியின் வாயில் புயல். சாந்தா கசில்டா பாறையில் மோதிப் பிளந்துவிட்டது. எட்டுப் பேர் நீந்தித் தப்பினார்கள். மூன்றாம் நாள் ஒச்சோவாவின் கப்பல் அங்கே போய் அவர்களை ஏற்றியது; அவர்களில் யாரும் ஊர் வந்து சேரவில்லை. கரையில் ஒதுங்கியவர்களை ஒச்சோவாவும் சேர்ந்து புதைத்திருக்கிறான். ஒருவனுக்கு ஒரு காதில் நுனி இல்லை, இடது காது என்றான். ஊரில் ஆயிரம் பேருக்கு அப்படி இருக்கும் என்று சொன்னேன். வலது காது என்று நீ எழுதுவாய் என்று இருந்தேன். கடைசியாக அவன் உன் பெயரைத்தான் சொன்னானாம்.

இல்லை. அப்படி ஒச்சோவா சொல்லவில்லை. மேலே கடைசி வரியை நானாக எழுதினேன். அடித்துவிடு. ஒச்சோவா பார்த்தபோது அவன் இறந்து இரண்டு நாளாகியிருந்தது.

ஒச்சோவாவைப் பிளாண்டர்ஸுக்கு அனுப்பியதும் நான்தான், இங்கே யாரிடமும் பேசாதிருக்க.

இனிகோ போக விரும்பவில்லை. உனக்கு அவன் சொல்லியிருக்கமாட்டான். "எனக்குக் கடல் ஒத்துக்காது சித்தப்பா. வேற யாரையாவது அனுப்புங்க" என்றான். நான் சிரித்தேன். பத்துப் பேர் முன்னால் வைத்து, "பூர்கோஸ்காரனுக்குக் கம்பளி போத்திவிட ஆள் வேணுமோ?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு ஏறிப் போனான்.

மே மாதமே உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டால் அப்புறம் என்னிடம் கேட்க உனக்கு என்ன இருக்கும் என்று தோன்றியது.

இன்று காலை பெலாயோவிடம் போனேன். மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றான்.

"ஒரு கப்பலுக்கு எதுக்குய்யா மூணு தடவ?"

"முதல் தடவ கப்பலுக்கு. ரெண்டாவது சரக்குக்கு. மூணாவது ஆளுங்களுக்கு."

கப்பலைக் கைவிட்டேன். சரக்கைக் கைவிட்டேன். மூன்றாவதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பெலாயோ இறகை மையில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். மை காய்ந்தது. மறுபடி தொட்டான். மறுபடி காய்ந்தது. அன்றைக்குக் கேலி செய்த அதே ஆள். நாலாவது தடவை தொட்டபோது சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா, ஐயா. சாட்சிக்குக் கேக்கல" என்றான், மெதுவாக.

சத்தமாகச் சொன்னேன்.

ஈட்டுப்பணத்தில் பாதி உனக்கு.

லெஸ்மெஸ்


பூர்கோஸ்,
மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள், 1527

சித்தப்பாவுக்கு, மென்சியா. குதிரைக்காரர் எட்டாம் நாளே வந்துவிட்டார். அவருக்குக் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வைத்தேன். கோவில் பணியாளர் அதையும் மற்ற ரொட்டிகளோடு எடுத்துப் போனார். பக்கத்துப் பலகைக்காரி என் மெழுகுவர்த்தியை அவள் விளக்கில் பற்றவைத்துக் கொடுத்தாள்.

நாளைக் காலை எனக்கும் தோரிபியோவுக்கும் கல்யாணம். மறுநாள் மந்தையோடு கிளம்புகிறோம். சின்னவள் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க" என்கிறாள்.

இனிகோவுக்காக அழ எனக்கு ஆறு நாள்தான் கிடைத்தது. கல்யாணப் பெண்ணுக்குக் கண் வீங்கியிருக்கக் கூடாது என்று இன்றோடு நிறுத்தச் சொல்கிறார்கள். மே மாதமே சொல்லியிருந்தால் நான்கு மாதம் அழுதிருப்பேன். அவரைப் போகச் சொன்னதைக்கூட நான் மறந்துவிடுவேன், சித்தப்பா. அந்த நான்கு மாதத்தை மறக்கத்தான் நாளாகும்.

பணம் வேண்டாம். குளிர்காலம் முழுவதும் புல் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்போம். விலாசம் கிடையாது. மே மாதம் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்க வடக்கே திரும்புவோம். வீட்டுச் சாவியைக் கோவிலில் கொடுத்திருக்கிறேன். அப்போது வந்து பெட்டிகளை எடுத்துக்கொள்வேன்.

மென்சியா


லா கொருன்யா,
1528 பிப்ரவரி 10

அருமை மகள் மென்சியாவுக்கு, சித்தப்பா எழுதுவது. நீயும் தோரிபியோவும் குழந்தைகளும் சுகமா? சின்னவள் இப்போது உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள்?

பூர்கோஸ் வீட்டுக்குத்தான் எழுதுகிறேன். அங்கே யாரும் இல்லை என்று தெரியும்.

இங்கே எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. மத்தி மீன் மலிவு. நேற்று பெலாயோ வழியில் பார்த்துக் குளிருக்கு இதமாக ஒரு குவளை ஒயின் வாங்கிக் கொடுத்தான். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். கிடைக்கவில்லை.

கழுதைக்காரன் வந்து நிற்கிறான். விலாசத்தைப் படித்துக் காட்டினேன்.

"அந்த வீடா? போன தடவயே பூட்டியிருந்துச்சே. ஆளில்லாத வீட்டுக்கா கடுதாசி?"

"கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போ. மே மாசம் வந்து படிப்பா."

"அது சரி. அதுவரைக்கும்?"

கேட்டுவிட்டுக் கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் முடிக்கிறேன்.

மழையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சித்தப்பா